குளிசையை நிப்பாட்டுறதுக்கு முதல்

எங்கட ஊரில் ஐம்பது வயதைத் தாண்டின நாலு பேர் ஒரு இடத்தில் கூடினால், பத்து நிமிடத்துக்குள் கதை குளிசைக்கு வந்துவிடும். ஆருக்கு எவ்வளவு பிரசர், ஆருக்கு எத்தனை சீனி, ஆர் எந்தக் கிளினிக், எத்தனை மணிக்குப் போனால் நம்பர் கிடைக்கும். இந்தக் கதைகளில் பிரசர் குளிசைக்கும் சீனிக் குளிசைக்கும் ஒரு மரியாதை உண்டு. கொலஸ்ரோல் குளிசைக்கு மட்டும் அது இல்லை. "அதைப் போட்டால் கால் உளையும்", "ஈரலைத் தின்னும்", "மறதி வரும்", "அது கொம்பனிக்காரற்ற வியாபாரம்". இப்படி ஒவ்வொருவரிடமும் ஒரு சொல் இருக்கும். ஒரு வகையில் இது விளங்கக்கூடியதுதான். கொலஸ்ரோல் கூடினால் உடம்பில் ஒன்றுமே தெரியாது. ஒரு நோவும் இல்லாத ஆளுக்கு நோவு தருகிற குளிசை என்றால் ஆருக்குத்தான் பிடிக்கும்?

நாங்கள் ஐந்து பேர். மாதத்தில் இரண்டு ஞாயிறு கூடிப் புத்தகம் வாசிக்கிற, படம் பார்த்துவிட்டு விடியும்வரை சண்டை பிடிக்கிற கூட்டம். வழமையாக நாங்கள் எழுதுகிறதும் அவற்றைப் பற்றித்தான். இந்த வருடம் நாலைந்து ஞாயிறு புத்தகங்களை ஒதுக்கி வைத்துவிட்டுக் குளிசைகளைப் பற்றி வாசித்தோம். அதற்குக் காரணம் எங்களில் ஒருத்தியின் அப்பா. எங்களில் மூன்று பேருக்கு அவர் கணிதம் படிப்பித்தவர் என்பதால், மகளைத் தவிர நாங்கள் எல்லோரும் அவரைச் சேர் என்றுதான் கூப்பிடுவோம்.

சேருக்கு இரண்டு வருடத்துக்கு முதல் மாரடைப்பு வந்து, ஸ்ரென்ற் வைத்து, கிளினிக்கில் ஐந்து வகைக் குளிசை கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்று அற்றோவாஸ்ரற்றின் 40 மில்லிகிராம், இரவில் ஒன்று. வீட்டில் குளிசைப் பெட்டியை அடுக்கிறபோதுதான் மகள் கண்டாள், அந்தக் குளிசை மட்டும் ஆறு கிழமையாகக் குறையவில்லை.

"ஏனப்பா, இதை நீங்கள் போடுறேல்லையோ?"

"நிப்பாட்டிப்போட்டன். கெண்டைக்கால் ரெண்டும் இரவிரவா உளையுது பிள்ளை. சைக்கிள் மிதிக்க ஏலாமல் கிடக்கு. உந்தக் குளிசையாலதான் எண்டு போனில ஒரு டொக்டரே சொல்லுறார்."

போனில் என்றால் யூரியூப்பில். மகள் அழுதாள், அவர் கோபப்பட்டார், அடுத்த நாள் நாங்கள் எல்லோரும் போய் இருந்தோம். அவர் எங்களைப் பார்த்துச் சொன்னது ஒன்றுதான். "பயமுறுத்த வேண்டாம் பிள்ளையள். எனக்கு இலக்கமாச் சொல்லுங்கோ. உதால எத்தினை பேருக்கு நன்மை, எத்தினை பேருக்குக் கெடுதி? சரியெண்டால் போடுறன்."

நியாயமான கேள்வி. கிளினிக்கில் அவருக்குக் கிடைக்கிற மூன்று நிமிடத்தில் இதைக் கேட்கவும் ஏலாது, பதில் சொல்லவும் ஏலாது. எங்களில் ஒருவர் மருந்தாளர் படிப்புப் படிக்கிறவர். அவர் வழிகாட்ட, மற்றவர்கள் வாசித்தோம். வாசித்ததில் எங்களுக்கு உறுதியாகப் பட்டதைத்தான் கீழே எழுதுகிறோம்.

முதலில் இந்தக் குளிசை எங்கிருந்து வந்தது என்ற கதை. "எல்லாம் கெமிக்கல்" என்று சொல்கிறவர்களுக்கு இது கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும். ஸ்ரற்றின் என்கிற மருந்துக் குடும்பம் ஒரு பூஞ்சணத்தில் இருந்து வந்தது. ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி, விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், சின்ன வயதில் இருந்தே பூஞ்சணங்களில் ஆர்வம் உள்ளவர். கொலஸ்ரோல் உற்பத்தியைத் தடுக்கிற பொருளை ஏதாவது ஒரு பூஞ்சணம் தன்னுடைய பாதுகாப்புக்காகச் செய்து வைத்திருக்கக்கூடும் என்று நினைத்து, 1971இல் தேடத் தொடங்கினார். 6000க்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களைச் சோதித்த பிறகு, 1973இல், கியோட்டோ நகரத்துத் தானியக்கடை அரிசியில் வளர்ந்திருந்த ஒரு நீலப்பச்சைப் பூஞ்சணத்தில் அது கிடைத்தது. அந்த வழியில் வந்த லோவாஸ்ரற்றின் 1987இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்ற முதல் ஸ்ரற்றின். எண்டோ 2024இல் காலமானார்.

வேலை செய்கிற விதம் சிக்கலானதில்லை. உடம்பில் உள்ள கொலஸ்ரோலில் பெரும்பங்கைச் சாப்பாடு தருவதில்லை, உடம்பே செய்கிறது. ஈரலில் அதைச் செய்வதற்கு ஒரு நொதியம் வேணும். ஸ்ரற்றின் அந்த நொதியத்தைத் தடுக்கிறது. தன்னுடைய கையிருப்புக் குறைந்ததும் ஈரல் இரத்தத்தில் இருந்து எல்டிஎல் கொலஸ்ரோலை இழுத்து எடுக்கத் தொடங்கும். இழுத்து எடுக்கிற அந்த வாங்கிகளைக் கண்டுபிடித்த பிரவுண், கோல்ட்ஸ்ரீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, இலக்கம். சேருக்கு நாங்கள் முதலில் கொண்டுபோனது 1994இல் வெளிவந்த ஸ்கண்டிநேவிய ஆய்வு. ஏற்கனவே இருதய வருத்தம் இருந்த 4444 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு சிம்வாஸ்ரற்றினும் மற்றப் பகுதிக்கு மருந்தில்லாத வெறும் குளிசையும் கொடுத்தார்கள். ஏறத்தாழ ஐந்தரை வருடம். வெறும் குளிசை எடுத்த 2223 பேரில் 256 பேர் இறந்தார்கள். மருந்து எடுத்த 2221 பேரில் 182 பேர் இறந்தார்கள். சேர் உடனே கொப்பியும் பேனையும் எடுத்தார். "நூறுக்கு 11.5, மற்றது 8.2. வித்தியாசம் 3.3. அப்ப முப்பது பேர் அஞ்சரை வருசம் போட்டால் ஒருத்தர் தப்புறார். விளம்பரத்தில 30 வீதம் குறையுது எண்டு போடுவாங்கள். ரெண்டும் சரிதான், ஆனால் ரெண்டும் ஒண்டில்லை."

இதைவிட நன்றாக இதை ஒருவரும் எங்களுக்கு விளங்கப்படுத்தவில்லை. முப்பது வீதம் என்பது ஒப்பீடு. நூறில் மூன்று என்பது உண்மையில் காப்பாற்றப்பட்ட ஆட்கள். மருந்தை விற்கிறவர் முதலாவதைச் சொல்வார். மருந்தைத் திட்டுகிறவர் இரண்டாவதைச் சொல்வார். ஒரு முடிவு எடுக்க வேண்டிய ஆளுக்கு இரண்டும் வேணும்.

இன்னொன்றும் உண்டு. இந்த நன்மை எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. மாரடைப்பு வந்தவர், ஸ்ரென்ற் வைத்தவர், பாரிசவாதம் வந்தவர் ஆகியோருக்கு நன்மை பெரிது. சலரோகத்தோடு நாற்பதைத் தாண்டினவருக்கும் கணிசமானது. வேறு ஒரு ஆபத்தும் இல்லாத, புகைக்காத முப்பது வயது ஆளுக்கு, ரிப்போட்டில் ஒரு இலக்கம் சிவப்பில் வந்தது என்பதற்காக மட்டும் குளிசை தொடங்கினால் நன்மை மிகச் சிறிது. (பரம்பரையாகவே எல்டிஎல் மிக உயர்ந்து இருக்கிற குடும்பங்கள் இதற்கு விலக்கு. அவர்களுக்கு இளவயதிலேயே மருந்து தேவை.) "எனக்குக் கொலஸ்ரோல் இருக்கு" என்று எல்லோரும் ஒரே வசனத்தைச் சொன்னாலும் எல்லோருடைய நிலைமையும் ஒன்றில்லை. சேர் முதலாவது கூட்டத்தைச் சேர்ந்தவர். அதனால்தான் மகள் அழுதாள்.

இனிக் கெடுதிப் பக்கம். அது பொய் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. 2001 ஓகஸ்ரில் செரிவாஸ்ரற்றின் என்ற ஸ்ரற்றினை அதைச் செய்த பேயர் கொம்பனி உலகச் சந்தையில் இருந்தே மீளப் பெற்றது. தசைகள் சிதைந்து, அந்தச் சிதைவு சிறுநீரகத்தை அடைத்துப் பலர் இறந்திருந்தார்கள். 2011இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் சிம்வாஸ்ரற்றின் 80 மில்லிகிராமைப் புதிதாக ஒருவருக்கும் தொடங்க வேண்டாம் என்றது. அதுவும் தசைப் பாதிப்பால்தான். ஆகவே "ஸ்ரற்றின் தசையைப் பாதிக்கும்" என்பது வதந்தி இல்லை. எவ்வளவு பேருக்கு, எந்த அளவில் என்பதுதான் கேள்வி.

இதற்கு எங்களிடம் ஒரு நேரடிக் கதையும் இருக்கிறது. எங்களில் ஒருவனின் சின்னம்மா சிம்வாஸ்ரற்றின் எடுத்துக்கொண்டிருந்தவர். பல வருடமாக ஒரு கரைச்சலும் இல்லை. போன மாரியில் சளி இறுகி, காய்ச்சலோடு ஒரு தனியார் மருத்துவரிடம் போனார். அங்கே கிளாரித்திரோமைசின் என்ற அன்ரிபயோற்றிக் ஒரு கிழமைக்குக் கொடுத்தார்கள். வேறு என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சிம்வாஸ்ரற்றினை உடைத்து வெளியேற்றுகிற ஈரல் நொதியத்தை அந்த அன்ரிபயோற்றிக் முடக்கிவிடும். இரத்தத்தில் சிம்வாஸ்ரற்றின் பல மடங்கு ஏறும். ஐந்தாம் நாள் சின்னம்மாவுக்குக் கதிரையில் இருந்து எழும்ப ஏலவில்லை. தொடை இரண்டும் அடித்துப் போட்ட மாதிரி நோவு. சலம் பிளேன்ரீ நிறத்தில் போனது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதால் சேலைன் ஏற்றி, சிறுநீரகம் தப்பியது. அவருக்கு நடந்தது மிக அரிதாக நடக்கிறது. அரிதாக நடக்கிறது ஒரு வீட்டில் நடந்தால் அந்த வீட்டுக்கு அது நூறு வீதம்.

சின்னம்மாவின் கதையையும் சேரின் கால் உளைவையும் ஒரே பெட்டியில் போடுகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. 2022இல் லான்செற் சஞ்சிகையில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. ஸ்ரற்றினையும் வெறும் குளிசையையும் ஒப்பிட்ட 19 பரிசோதனைகள், ஒரு லட்சத்து இருபதாயிரம் பேருக்கு மேல். தசை நோவு அல்லது பலவீனம் இருக்கு என்று சொன்னவர்கள் ஸ்ரற்றின் பக்கம் 27.1 வீதம். வெறும் குளிசைப் பக்கம் 26.6 வீதம். அதாவது கால் பங்குக்கும் மேற்பட்டவர்களுக்கு நோவு இருந்தது, ஆனால் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில். மருந்து உண்மையில் கூட்டினது முதல் வருடத்தில் ஆயிரம் பேருக்கு 11 பேர் அளவில். முதல் வருடத்துக்குப் பிறகு பெரிய வித்தியாசமே இல்லை.

இதைக் காட்டியபோது சேருக்குக் கோபம் வந்தது. "அப்ப நான் பொய் சொல்லுறனோ?"

இல்லை. லண்டனில் 60 பேரோடு செய்த இன்னொரு ஆய்வு இதற்குத்தான் பதில் சொல்கிறது. 2020இல் வெளிவந்தது. அந்த 60 பேரும் ஸ்ரற்றினைத் தாங்க ஏலாமல் நிப்பாட்டினவர்கள். அவர்களுக்கு ஒரு வருடத்துக்கான போத்தல்கள் கொடுத்தார்கள். நாலு மாதம் ஸ்ரற்றின், நாலு மாதம் வெறும் குளிசை, நாலு மாதம் ஒன்றுமே இல்லாத வெற்றுப் போத்தல், எல்லாம் மாறி மாறி. ஒவ்வொரு நாளும் நோவுக்கு நூறில் எத்தனை புள்ளி என்று அவர்கள் போனில் பதிய வேணும். குளிசை எடுக்காத மாதங்களில் சராசரி 8 புள்ளி. ஸ்ரற்றின் மாதங்களில் 16.3. வெறும் குளிசை மாதங்களில் 15.4. குளிசை போட்டால் நோவு இரண்டு மடங்கு ஆகிறது, ஆனால் அது எந்தக் குளிசை என்பது பெரிய விசயமில்லை. கெடுதி வரும் என்ற எதிர்பார்ப்பே உடம்பில் நோவாக இறங்குவதை நொசீபோ என்கிறார்கள். நோவு பொய்யில்லை. புள்ளி போட்டவர்கள் உண்மையாகவே நொந்தார்கள். நோவின் காரணம்தான் வேறு. தங்கட சொந்தப் புள்ளிகளைப் பார்த்த பிறகு அந்த 60 பேரில் பாதிப் பேர் திரும்ப ஸ்ரற்றின் தொடங்கினார்கள்.

சேர் கனநேரம் பேசவில்லை. பிறகு, "பரிசோதனை நல்லாச் செய்திருக்கிறாங்கள்" என்றார்.

தசையைத் தவிர மற்ற விசயங்கள்: சீனி கொஞ்சம் கூடும் என்பது உண்மை. ஏற்கனவே சலரோகத்தின் விளிம்பில் நிற்கிறவர்கள் சிலர் அந்த விளிம்பைத் தாண்டுவார்கள். 2016இல் லான்செற்றில் வந்த ஒரு மதிப்பீடு இப்படிச் சொல்கிறது. இருதய வருத்தம் உள்ள 10,000 பேருக்கு ஐந்து வருடம் நல்ல அளவில் ஸ்ரற்றின் கொடுத்தால், ஏறத்தாழ 1000 பேருக்கு மாரடைப்பு, பாரிசவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் தடுக்கப்படும். அதே 10,000 பேரில் 50 முதல் 100 பேருக்குப் புதிதாகச் சலரோகம் வரும். 5 பேருக்குக் கடுமையான தசைப் பாதிப்பு. 5 முதல் 10 பேருக்கு மூளையில் இரத்தக்கசிவு. ஈரல் கதையைப் பொறுத்தவரை, ஈரல் நொதியங்கள் சிலருக்குக் கொஞ்சம் ஏறும், ஆனால் கடும் ஈரல் பாதிப்பு மிக அரிது. அதனால் 2012இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அடிக்கடி ஈரல் பரிசோதனை செய்யத் தேவையில்லை என்று மாற்றியது. தொடங்க முதல் ஒருக்கால், பிறகு அறிகுறி இருந்தால் மட்டும்.

எங்கட ஆட்களுக்கு முக்கியமான ஒரு குறிப்பு இது. றோசுவாஸ்ரற்றின் என்ற மருந்து ஆசிய வம்சாவளியினரின் இரத்தத்தில் வெள்ளையரோடு பார்க்க ஏறத்தாழ இரண்டு மடங்கு ஏறுகிறது. இதைக் காட்டிய ஆய்வில் சீனர், மலாயர், இந்திய வம்சாவளியினர் மூன்று பகுதியினரும் இருந்தார்கள். அதனால் ஆசியருக்கு 5 மில்லிகிராமில் தொடங்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் குறிப்பே சொல்கிறது. அதே நேரம், எங்கட பிராந்தியத்தில் முதல் மாரடைப்பு வருகிற வயதும் குறைவு. இலங்கையும் சேர்ந்திருந்த ஒரு பன்னாட்டு ஆய்வில் தெற்காசியரின் சராசரி 53, மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59. எங்களுக்கு மருந்து கூடத் தேவை, ஆனால் அளவு குறையப் போதும். இது கவனமாக இருக்க ஒரு காரணம். நிப்பாட்டுறதுக்குக் காரணம் இல்லை.

அப்ப மாற்று வழி என்ன? ஊரில் சொல்கிற மாற்றுகளில் இருந்து தொடங்குவம். வெறுவயிற்றில் உள்ளி, வெந்தயத் தண்ணி, கறிவேப்பிலைச் சாறு, கருஞ்சீரகம், மீனெண்ணெய்க் குளிசை. 2022இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 200 பேரை வைத்து ஒரு மாதம் பார்த்தார்கள். றோசுவாஸ்ரற்றின் வெறும் 5 மில்லிகிராம் எல்டிஎல்லை ஏறத்தாழ 38 வீதம் குறைத்தது. மீனெண்ணெய், கறுவா, உள்ளி, மஞ்சள், தாவர ஸ்ரெரோல், செவ்வரிசிப் பூஞ்சணக் குளிசை என்று ஆறு வகை. ஒன்றுகூட வெறும் குளிசையைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. உள்ளி எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் ஏறியும் இருந்தது. உள்ளி கறிக்கு நல்லது, அதை அங்கேயே விடுவம்.

அந்தச் செவ்வரிசிப் பூஞ்சணத்தைப் பற்றி ஒரு சொல். "இயற்கை மருந்து" என்று போனில் விளம்பரம் வருகிறது. சீனாவில் அரிசியில் பூஞ்சணம் வளர்த்துச் செய்கிறது. அதில் இருக்கிற செயற்பொருள் மொனகொலின் கே. லோவாஸ்ரற்றினும் மொனகொலின் கேயும் ஒரே பொருள். ஸ்ரற்றினுக்குப் பயந்து அதை வாங்குகிறவர், அளவு எழுதாத ஸ்ரற்றினைக் கூட விலைக்கு வாங்குகிறார்.

சாப்பாட்டால் குறையும். ஆனால் எவ்வளவு என்று தெரிந்து வைத்திருக்க வேணும். தேங்காய் எண்ணெயில் 80 வீதத்துக்கும் மேல் நிரம்பிய கொழுப்பு. மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் அது எல்டிஎல்லை ஏறத்தாழ 10 மில்லிகிராம் கூட்டுகிறது என்று 2020இல் ஒரு தொகுப்பாய்வு சொன்னது. இதைச் சொன்னால் யாழ்ப்பாணத்தில் அடி விழும் என்று தெரியும். சம்பலை விடச் சொல்லி நாங்கள் சொல்லவில்லை. பொரிக்கிறதைக் குறைக்கலாம். சொதிக்கு முதற்பாலைக் குறைக்கலாம். நல்லெண்ணெய் எங்கட வீடுகளில் முன்னமே இருந்ததுதான். பயறு, கடலை, கீரை, ஓட்ஸ் போன்ற கரையும் நார்ச்சத்து உள்ள சாப்பாடு எல்டிஎல்லைச் சில வீதம் குறைக்கும். பேக்கரி ரோல்ஸைக் கைவிடலாம். இவை எல்லாம் சேர்ந்து, ஆபத்துக் குறைந்த ஆளைக் குளிசை இல்லாமலே வைத்திருக்கக்கூடும். ஸ்ரென்ற் வைத்த ஆளுக்கு இவை குளிசையோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை.

மருத்துவர் தரக்கூடிய உண்மையான மாற்றுகளும் உண்டு. முதலாவது, அதே குடும்பத்தில் வேறு ஸ்ரற்றின், அல்லது குறைந்த அளவு. ஸ்ரற்றினில் ஒரு கணக்கு இருக்கிறது. அளவை இரண்டு மடங்காக்கினால் எல்டிஎல் மேலதிகமாக ஏறத்தாழ 6 வீதம்தான் குறையும். திருப்பிப் பார்த்தால், அளவைப் பாதியாக்கினாலும் நன்மை பாதியாவதில்லை. கொஞ்சம்தான் போகும். சேருக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. சிலருக்கு றோசுவாஸ்ரற்றினை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுப்பதும் உண்டு. இரண்டாவது, எசெற்றிமைப். இது குடல் கொலஸ்ரோலை உறிஞ்சுவதைத் தடுக்கிற வேறு வகைக் குளிசை. எல்டிஎல்லை ஏறத்தாழ 20 வீதம் குறைக்கும். மூன்றாவது, பெம்பெடோயிக் அமிலம். இது ஈரலில் மட்டும் உயிர்ப்பாகிறது, தசைக்குள் இல்லை. ஸ்ரற்றின் தாங்காத ஏறத்தாழ 14,000 பேரில் செய்த ஆய்வு 2023இல் வந்தது. பெரிய இருதய நிகழ்வுகள் 13 வீதம் குறைந்தன. ஆனால் யூரிக் அமிலம் ஏறி, சிலருக்குக் கவுற் வரும். நாலாவது ஊசிகள். இரண்டு கிழமைக்கு ஒன்று, அல்லது ஆறு மாதத்துக்கு ஒன்று. எல்டிஎல்லைப் பாதிக்கும் கீழே கொண்டு வரும். விலை எங்கட வீடுகளுக்கு எட்டாது.

விலை என்று வந்தால் ஒன்றைச் சொல்லாமல் விட ஏலாது. "கொம்பனிக்காரற்ற வியாபாரம்" என்ற சந்தேகம் வெறும் அறியாமை இல்லை. ஒரு காலத்தில் உலகத்திலேயே ஆகக்கூட விற்ற மருந்து ஒரு ஸ்ரற்றின்தான். ஆனால் இன்று அற்றோவாஸ்ரற்றினின் காப்புரிமை முடிந்து பல வருடம். எங்கட கிளினிக்கில் காசில்லாமல் கிடைக்கிறது. பேராசிரியர் சேனக பிபிலே போன்றவர்களின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் வந்தது. கொம்பனிப் பெயரில் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரில், குறைந்த விலையில் வாங்கிக் கொடுப்பம் என்ற யோசனை அது. பெரிய கொம்பனிகள் விரும்பாத யோசனை. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது ஒரு குளிசையை இரண்டாக உடைத்துப் போட்ட வீடுகளை நாங்கள் கண்டிருக்கிறம். காசு பிடுங்குகிறவர்களைத் தேடினால், இலவசமாகக் கிடைக்கிற பழைய குளிசையைவிட, போனில் வருகிற "இயற்கை" மாவுப் போத்தலிடம் தேடுவது நல்லது.

சேரின் விசயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். கிளினிக் நாளில் மகள் கூடவே போனாள். நாங்கள் எழுதிக் கொடுத்த அரைப் பக்கத்தை மருத்துவர் வாசித்தார். திட்டவில்லை. தசை நொதியமான சிகே, தைரொயிட், விற்றமின் டி மூன்றையும் பார்க்கச் சொன்னார். தைரொயிட் குறைந்தாலே தசை நோகும், கொலஸ்ரோலும் ஏறும். அது தெரியாமல் குளிசையைக் குற்றம் சொல்கிறவர்கள் கனபேர். சேருக்கு அது சரியாகத்தான் இருந்தது. சிகேயும் சாதாரணம். எல்டிஎல் மட்டும் ஆறு கிழமையில் 64இல் இருந்து 138க்கு ஏறியிருந்தது. றோசுவாஸ்ரற்றின் 5 மில்லிகிராமும் எசெற்றிமைப்பும் எழுதிக் கொடுத்தார். அன்றில் இருந்து சேர் ஒரு கொப்பியில் ஒவ்வொரு இரவும் கால் நோவுக்குப் பத்தில் எத்தனை என்று எழுதுகிறார். நிப்பாட்டியிருந்த காலத்தில் நாலு, ஐந்து என்று இருந்தது இப்பவும் மூன்று, நாலு. அதாவது, குளிசை இல்லாமலும் கால் நொந்தது. வலது முழங்கால் தேய்மானம் என்று பிறகு எக்ஸ்றேயில் தெரிந்தது. சைக்கிள் இப்பவும் முந்தின மாதிரி ஓட ஏலாது. அதைக் குளிசையை விட்டுச் சரிப்படுத்த ஏலாது என்பது அவருக்கு அவர்ற கொப்பியாலேயே விளங்கினது.

சின்னம்மா திரும்ப ஸ்ரற்றின் எடுக்கவில்லை. மருத்துவர்கள் அவருக்கு இப்போதைக்கு எசெற்றிமைப் மட்டும் என்று முடிவெடுத்தார்கள். அதுவும் சரியான முடிவுதான். இரண்டு பேருக்கும் ஒரே பதில் இல்லை.

உங்கட வீட்டில் ஆராவது ஸ்ரற்றின் எடுத்தால் இதைக் கவனியுங்கோ. உண்மையான ஸ்ரற்றின் நோவு பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, தொடை, இடுப்பு, தோள் போன்ற பெரிய தசைகளில், குளிசை தொடங்கி அல்லது அளவு கூட்டிச் சில கிழமைகளில் வரும். ஒரு முழங்கால் மட்டும் நோகிறது என்றால் காரணம் வேறாக இருக்கத்தான் வாய்ப்புக் கூட. எழும்ப ஏலாத பலவீனம், பிளேன்ரீ நிறச் சலம் என்றால் குளிசையைப் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேணும். எந்த மருத்துவரிடம் போனாலும், பல்லுக்குப் போனாலும், கிளினிக் கொப்பியைக் கொண்டு போங்கோ. அன்ரிபயோற்றிக், பூஞ்சண மருந்து தந்தால் "இதோட போடலாமோ" என்று கேளுங்கோ. சிம்வாஸ்ரற்றின் எடுக்கிறவர்கள் கிறேப்புறூற்றையும், ஜம்போலா என்று வாங்குகிற அந்தப் பெரிய பழத்தையும் தவிர்க்க வேணும். சாதாரணத் தோடம்பழத்தில் இந்தக் கரைச்சல் இல்லை. பிள்ளை பெறுகிற யோசனை உள்ள பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேணும்.

மருந்துப் பெட்டிக்குள் இருக்கிற தாள் ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில் இருக்கிறது. கிளினிக் உறையில் "இரவு 1" என்று மட்டும் எழுதியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வெற்றிடத்தைத்தான் போனில் கதைக்கிற ஆள் நிரப்புகிறார், அதுவும் நல்ல தமிழில், அன்பாக, நேரம் எடுத்து. எங்கட பெரிய ஆட்கள் குளிசையை ஒளித்து வைப்பது பிடிவாதத்தால் இல்லை. அவர்களுடைய நோவை ஆரோ ஒருவர் நம்பிக் கேட்டதால். அதை வீட்டில் நாங்களே கேட்கலாம். கிளினிக்குக்குத் தனிய விடாமல் கூடப் போகலாம். அரைப் பக்கம் எழுதிக் கொண்டு போகலாம். எப்ப தொடங்கினது, எங்க நோகுது, வேறு என்ன குளிசை, கடைசி ரிப்போட் என்ன, இதுக்கு மாற்று இருக்கோ. மூன்று நிமிடத்துக்குள் இவ்வளவும் வாசிக்கலாம்.